ஆடித் தள்ளுபடியில் சேர்ந்த ஜிம்

காரைக்குடியில் இருபது வருடமாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஆணி, போல்ட், பெயிண்ட், கம்பிக் கயிறு, கிணற்று உருளை எல்லாம் கிடைக்கும். ஆடி மாதம் எங்களுக்கு ஈ ஓட்டுகிற மாதம். வீடு தொடங்குபவர்கள் ஆவணிக்குத் தள்ளிப்போட்டு விடுவார்கள். 2024 ஆடியில் அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள், கல்லாவின் மேல் ஒரு பையன் நோட்டீஸ் வைத்துவிட்டுப் போனான். ஊருக்குள் புதிதாகத் திறந்த பெரிய ஜிம். ‘ஆடி அதிரடி! 12 மாதம் கட்டினால் 2 மாதம் இலவசம்.’

துணிக்கடைக்காரன் ஆடித் தள்ளுபடி போடுவது தெரியும். உடம்புக்கும் போடுவார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

எனக்கு அப்போது ஒரு தேவை இருந்தது. எங்கள் தெருவில் பத்துப் பதினைந்து பேர் வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பார்கள். குன்றக்குடியில் கும்பிட்டுவிட்டு திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் போவது வழக்கம். 2024 ஜனவரியில் நானும் கிளம்பினேன். நத்தத்தில் இரண்டு முழங்காலும் வீங்கி, பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து தெருவில் எனக்குப் பெயர் ‘நத்தத்தார்’. குழுவை நடத்திப் போகும் பெரியண்ணன் கடைக்குச் சாமான் வாங்க வந்தால்கூட, “நத்தத்தாரே, முக்கால் இஞ்ச் எல்போ இருக்கா?” என்றுதான் கேட்பார். வயது 47, பிரஷர் மாத்திரை ஒன்று, முன்னால் தள்ளிய வயிறு. அடுத்த பூசத்துக்குள் காலைச் சரிபண்ண வேண்டும் என்று மனதில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நோட்டீஸ் வந்தது.

பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தேன். முதல் தப்பு அதுதான். அந்த நேரத்தில் உள்ளே மூன்றே பேர். ஏசி சிலுசிலுவென்று இருந்தது. வரவேற்பறை முழுக்க ஆத்தங்குடிக் கல், நடுவில் எந்தப் பழைய வளவு வீட்டிலிருந்து பிடுங்கி வந்ததோ ஒரு பர்மாத் தேக்குத் தூண். கல்லைப் பார்த்ததும் கால் தானாகச் செருப்பைக் கழற்றியது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடுவதல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, கலர் சிமெண்டை ஊற்றி, தண்ணீரிலும் வெயிலிலும் பதப்படுத்தி எடுப்பது. நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். மேலே எதையாவது கனமாகப் போட்டால் விரிசல் விடும். அங்கே டம்பெல் அடுக்கியிருந்த இடத்துக்கும் அந்தக் கல்லுக்கும் நாலடிதான் தூரம். ஜிம் நடத்தத் தெரிந்தவன் போட்ட தரை இல்லை என்று வியாபாரியாக எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ‘நம்ம ஊர்க் கல்லைப் போட்டிருக்கானே’ என்று குளிர்ந்து போனேன்.

மேனேஜர் தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வரிக்கு வரி சார். நீராவி அறை, லாக்கர், வெந்நீர் ஷவர், நான்கு டிரெட்மில், கைப்பிடியைப் பிடித்து நின்றால் உடம்புக் கொழுப்பைச் சொல்லும் மெஷின், வாரம் ஒரு முறை டயட் ஆலோசனை, எந்நேரமும் பயிற்சியாளர். ஒரு மாதத்துக்கு 4,500 ரூபாய். மூன்று மாதத்துக்கு 11,000. ஒரு வருடத்துக்கு 32,000.

“யோசிச்சுட்டு வர்றேன் தம்பி” என்றேன்.

“ஆஃபர் இன்னைக்கு நைட்டோட முடியுது சார்.”

நானே கடையில், ‘பெயிண்ட் விலை நாளைக்கு ஏறுதுண்ணே’ என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! இருந்தும் விழுந்தேன். 32,000-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 5,760. மொத்தம் 37,760 ரூபாயை அங்கேயே நின்று போனில் அனுப்பினேன். டேப்லெட்டை நீட்டினார்கள். பொடி எழுத்தில் நான்கு பக்கம் ஓடியது. விரலால் ஒரு கோடு இழுத்தேன், கையெழுத்து ஆகிவிட்டது. அதன் நகல் எனக்குக் கிடைக்க மூன்று மாதம் ஆனது. கையெழுத்துப் போடும் முன்பே அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, வீட்டில் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். அனுப்ப மறுத்தால் அங்கேயே விஷயம் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஆத்தா கேட்டது ஒரே கேள்வி: “நடக்கிறதுக்கா அப்பு முப்பத்தேழாயிரம் கட்டுன?”

முதல் மாதம் நன்றாகவே போனது, அதையும் சொல்ல வேண்டும். எனக்கு அமைந்த பயிற்சியாளர் தேவகோட்டைப் பக்கத்துப் பையன். அழகப்பா பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படித்தவன். முதல் நாளே, “என்ன மாத்திரை சாப்பிடுறீங்க சார்? எப்போலேர்ந்து?” என்று கேட்டான். அந்த ஜிம்மில் நான் இருந்த நான்கு மாதத்தில் அதைக் கேட்டவன் அவன் ஒருவன்தான். எடை எதையும் தூக்க விடவில்லை. பெஞ்சைப் பின்னால் போட்டு, உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னான். பத்து முறை, மூன்று சுற்று. எழும்போது என் முழங்கால்கள் இரண்டும் உள்பக்கமாகச் சாய்வதைக் கண்ணாடியில் காட்டினான். “வலி முட்டியில இருக்கு சார், பலம் இல்லாதது தொடையிலயும் இடுப்பிலயும்” என்றான். நத்தத்தில் நான் ஏன் உட்கார்ந்தேன் என்று மூட்டுக்குத் தைலம் எழுதித் தந்த யாரும் சொல்லாததை ஒரு பெஞ்சை வைத்துச் சொல்லிவிட்டான்.

ஆனால் நான் நிஜமாக வரக்கூடிய நேரம் காலை ஆறிலிருந்து ஏழரை வரை. எட்டரைக்குக் கடை திறக்க வேண்டும். ஊரில் எல்லோருக்கும் அதே நேரம்தான். ஆறேகாலுக்கு நாற்பது பேர், இரண்டு பயிற்சியாளர்கள், நான்கு டிரெட்மில்லில் இரண்டு ஓடாது. ஓடாத இரண்டின் மேலும் துண்டு காய்ந்தது. டிரெட்மில்லுக்கு வரிசையில் நின்று பத்து நிமிடம் நடந்துவிட்டு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பின்னால் நிற்பவர் இருமுவார். கூட்டம் வழியும் அந்த நேரத்தில் ஏசியை ஏழு மணிக்குத்தான் போடுவார்கள். யாருமில்லாத பதினொரு மணிக்கு ஏன் ஓடியது என்று பிறகுதான் விளங்கியது: ஜிம் பார்க்க வருகிறவர்கள் பதினொரு மணிக்குத்தான் வருவார்கள்.

அப்புறம் பி.டி. என்ற ஒரு சங்கதி. பெர்சனல் டிரெய்னிங். பன்னிரண்டு நாளைக்கு 6,000 ரூபாய். அதைக் கட்டியவர்கள் பக்கத்தில்தான் பயிற்சியாளர் நிற்பார். கட்டாதவர்கள் சுவரில் ஒட்டிய படத்தைப் பார்த்துச் செய்துகொள்ள வேண்டும். ‘எந்நேரமும் பயிற்சியாளர்’ என்று நோட்டீஸில் போட்டிருந்தது பொய்யில்லை, இருந்தார்கள்தான். எனக்கில்லை, அவ்வளவுதான். வருடச் சந்தா என்று நான் கட்டியது கதவைத் திறந்து உள்ளே விடுவதற்கான காசு மட்டும்தான். சரி, காலுக்காகத்தானே என்று ஒரு மாதம் பி.டி.யும் கட்டினேன். இதை ஆத்தாவிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் நடுவில் அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். பி.டி.யில் மீதம் ஐந்து நாள். புதிதாக வந்தவர் என் பெயரைக்கூடக் கேட்காமல் தோளில் கம்பியை வைத்துவிட்டார். முட்டி பிரச்சினை என்றேன். “நோ பெயின் நோ கெயின் சார்” என்றார். மறுநாளிலிருந்து அவர் பக்கம் போகவில்லை. வலி வேறு, உழைத்த அசதி வேறு என்பது தெரியாதவர் கையில் முழங்காலைக் கொடுக்கக் கூடாது.

அந்தக் கொழுப்பு மெஷினைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். கைகால் வழியாக மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, உடம்பின் மின்தடையை அளந்து கணக்குப் போடும் கருவி அது. உடம்பில் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு மாறும். எந்த நேரம், சாப்பிட்டோமா, வியர்த்திருக்கிறோமா என்பதெல்லாம் சேரும். ஒரு நாள் பயிற்சிக்கு முன்னாலும் பின்னாலும் நின்று பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் என் கொழுப்பு இரண்டு சதவீதம் மாறியிருந்தது! மாதம் ஒரு முறை, ஒரே நேரத்தில், வெறும் வயிற்றில் நின்றால் போக்கு தெரியும். மற்றபடி அந்தச் சீட்டு ஜிம்காரர் நம்மைப் பயமுறுத்திப் பி.டி.யும் புரோட்டீன் டப்பாவும் விற்பதற்குத்தான் அதிகம் உதவுகிறது. டப்பா வாங்குவதாக இருந்தால் லேபிளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்றாவது பாருங்கள்.

டயட் சார்ட் என்று கொடுத்தது எல்லோருக்கும் ஒரே ஜெராக்ஸ். ஓட்ஸ், புரோக்கலி, அவகாடோ, சால்மன் மீன். பிரஷர்காரனுக்கும் அதே, பதினெட்டு வயதுப் பையனுக்கும் அதே. ஆத்தா கண்ணாடியைப் போட்டு எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இதுல நம்ம வீட்டுப் பண்டம் ஒண்ணுகூட இல்லையே” என்று சொல்லி உள்ளே போனது. உளுந்துக் கும்மாயத்தில் கருப்பட்டியைக் குறைத்துப்போட்டுக் கொடுக்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

சின்னச் சின்னதாக இன்னும் நிறைய. நீராவி அறைக் கதவில் ‘பராமரிப்பில் உள்ளது’ என்ற அட்டை நான் சேர்ந்த நாளிலிருந்து தொங்கியது. குடிக்கத் தண்ணீர் வைக்கவில்லை, பாட்டில் இருபது ரூபாய். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த ஊரில்! இதையெல்லாம் சகித்துக்கொண்டுதான் இருந்தேன். கம்பிக் கயிறுதான் விஷயத்தை முடித்து வைத்தது.

அக்டோபர் முதல் வாரம். மேலே தொங்கும் இரும்புத் தண்டைக் கீழே இழுக்கும் மெஷினில் உட்கார்ந்தேன். இழுக்கும்போது கரகரவென்று ஒரு சத்தம். எழுந்து உருளைக்குப் பக்கத்தில் பார்த்தேன். கயிற்றின் மேலுறை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழிந்து, உள்ளே கம்பி துருப்பிடித்துத் தெரிந்தது. மூன்று இழை அறுந்து முள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரலை வைத்தேன், குத்தியது. கம்பிக் கயிறு விற்பவன் நான். இழை அறுந்துபோகத் தொடங்கிய கயிற்றைக் கிணற்று வாளிக்குக்கூடப் போடாதீர்கள் என்றுதான் வாடிக்கையாளரிடம் சொல்வேன். இங்கே அதற்குக் கீழே ஒருவன் தலையை வைத்து உட்கார்ந்து ஐம்பது கிலோ இழுக்கிறான். கயிறு அறுந்தால் தண்டு நேரே உச்சந்தலையில்தான்.

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “கம்பெனிக்கு மெயில் போட்டுட்டோம் சார்.” அதுவரைக்கும் மெஷினை நிறுத்தி வையுங்கள் என்றேன். மறுநாள் வந்து பார்த்தால், கிழிந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. அதற்குச் சுற்றாமலே இருந்திருக்கலாம். முன்பு கிழிசலாவது கண்ணுக்குத் தெரிந்தது. என் கடையில் அதே கனத்தில் கயிறு இருக்கிறது, கொள்முதல் விலைக்கே தருகிறேன் என்றேன். கம்பெனி ஸ்பேர்தான் போட வேண்டுமாம். ஸ்பேர் வராமல் மூன்று வாரம் ஓடியது. டேப் இல்லாதபோது ஒன்று, சுற்றிய பிறகு ஒன்று, மூன்று வாரம் கழித்து ஒன்று என்று போட்டோ எடுத்து வைத்தேன். கடைசிப் போட்டோவை உறுப்பினர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘யாரும் இதில் உட்கார வேண்டாம்’ என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். குழு ‘மோட்டிவேஷனுக்கு’ மட்டுமாம்.

அன்று இரவு போன் ஆப்பைத் திறந்து என் வருகைக் கணக்கைப் பார்த்தேன். கைரேகை வைத்த நாளெல்லாம் அதில் இருக்கும். ஆகஸ்டில் 18, செப்டம்பரில் 12, அக்டோபரில் 7. நவம்பரையும் சேர்த்தால் நான் போனது மொத்தம் 41 நாள். கோயம்புத்தூரில் படிக்கும் மகளிடம் போனில் புலம்பியபோது, “அப்பா, இதுக்குப் பெரிய ஆராய்ச்சியே இருக்கு” என்றாள். டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் மூன்று ஹெல்த் கிளப்களின் 7,752 உறுப்பினர்களை மூன்று வருடம் கணக்கெடுத்து, 2006-ல் எழுதியிருக்கிறார்கள். மாதச் சந்தா 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதம் 4.3 முறைதான் போனார்களாம். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. சந்தா கட்டாமல் பத்துத் தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு தடவை பத்து டாலரில் முடிந்திருக்கும். அமெரிக்காக்காரனும் என்னை மாதிரிதான் என்பதில் கொஞ்சம் ஆறுதல். சேர்ந்தவர்கள் எல்லோரும் தினமும் வந்தால் எங்கள் ஜிம்மில் நிற்கக்கூட இடம் இருக்காது. வரமாட்டார்கள் என்று தெரிந்துதான் அத்தனை பேருக்கு விற்கிறார்கள். வருடச் சந்தாவில் அவ்வளவு தள்ளுபடி தருவதன் கணக்கும் அதுதான். சோம்பேறித்தனம் என் குற்றம், ஒப்புக்கொள்கிறேன். அதைக் கணக்கில் சேர்த்து விலை போட்டது அவர்கள் சாமர்த்தியம்.

நவம்பர் கடைசியில் பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். மேனேஜர் மாறியிருந்தார். புதியவர் கணினியில் பார்த்து, “ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார், எக்காரணத்தைக் கொண்டும் பணம் திரும்பத் தரப்படாது” என்றார். வேண்டுமானால் 2,000 ரூபாய் கட்டி மீதி மாதங்களை வேறொருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமாம். வீட்டுக்காரியைக் கேட்டேன். “லேடி டிரெய்னர் இருக்காங்கன்னு சொன்னாங்களேன்னு நானும் போய்ப் பாத்தேன். ரிசப்ஷன்ல உட்கார்ந்திருக்க பிள்ளையத்தான் காட்டுனாங்க. எனக்கு வேணாம்” என்றாள். (பெண்களுக்குத் தனி நேரமும் நிஜமான பெண் பயிற்சியாளரும் உள்ள ஜிம் கிடைத்தால், அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது என்பது அவள் கட்சி. எனக்கும் அது சரி என்றே படுகிறது.)

பணத்தைக் கொடுக்கிறவரைக்கும் நான் சார். கொடுத்த பிறகு நான் ஒரு ஃபார்ம். மாதாமாதம் கட்டியிருந்தால் கயிற்றைக் காட்டிய அன்றே, ‘மாற்றுகிறாயா, அடுத்த மாதம் கட்டாமல் இருக்கட்டுமா’ என்று கேட்டிருப்பேன். எங்கள் வியாபாரத்தில் சரக்கு இறங்கிச் சரிபார்க்காமல் முழுப் பணத்தையும் யாராவது கொடுப்போமா? கம்பெனிக்காரன் எவ்வளவு தெரிந்தவனாக இருந்தாலும் பாதிதான் முன்பணம். கடையில் அவ்வளவு கறாராக இருப்பவன், ஜிம்மில் ஏசிக் காற்றில் அதை மறந்துவிட்டேன்.

சரி, என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் பில். எனக்குத் தந்திருந்தது வெறும் ரசீதுச் சீட்டு. ஜிஎஸ்டி என்று 5,760 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள், முறையான வரிப் பில் கொடுங்கள் என்றேன். கடைக்காரனிடம் இந்த விஷயத்தில் யாரும் கதை விட முடியாது. பதிவு எண் 15 எழுத்து, தமிழ்நாடு என்றால் 33-ல் தொடங்கும், அடுத்த பத்தும் பான் எண். அதை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று வந்துவிடும். மூன்று முறை கேட்ட பிறகு பில் வந்தது. அதில்தான் ஜிம்மை நடத்தும் நிறுவனத்தின் நிஜப் பெயரும் விலாசமும் இருந்தன. போர்டில் இருப்பது ஒரு பெயர், பில்லில் வேறு பெயர். புகார் எழுத பில்லில் உள்ள பெயர்தான் வேண்டும். (2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிம்முக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். இன்னும் யாராவது 18 கேட்டால் கொடுக்காதீர்கள்.)

அடுத்து கடிதம். தெரிந்த வக்கீல் ஒருவர் டீ குடிக்கும் நேரத்தில் ஒன்று சொன்னார்: “மனசு மாறிப்போச்சு, நேரமில்லைன்னு எழுதுனீங்கன்னா ஒண்ணும் நடக்காதுண்ணே. சொன்னதுல எதைக் குடுக்கலைன்னு மட்டும் எழுதுங்க.” அது பெரிய வித்தியாசம். சேவையில் குறை இருந்து, அதை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், அதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஃபார்மில் ‘திரும்பத் தரப்படாது’ என்று அச்சடித்ததோடு பேச்சு முடிந்துவிடாது. ஆனால் குறையை நாம்தான் காட்ட வேண்டும். நோட்டீஸ், நான்கு மாதமும் தொங்கிய நீராவி அறை அட்டை, ஓடாத டிரெட்மில், கயிற்றின் மூன்று போட்டோ, எல்லாவற்றையும் தேதியோடு எழுதினேன். நான் சோம்பேறித்தனமாகப் போகாத நாளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மீதி எட்டு மாதத்துக்கு 25,173 ரூபாய் கேட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பதில் இல்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு 1915-ஐ அழைத்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அது கோர்ட் இல்லை. புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்பிப் பேச வைப்பார்கள், அவ்வளவே. அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், எங்களுக்குச் சிவகங்கையில். ஐந்து லட்சம் வரைக்கும் புகார் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமல் நாமே பேசலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஜிம்மின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். இந்தக் கடைசிச் சங்கதி பலருக்குத் தெரியாமல், ‘அவங்க ஆபீஸ் பெங்களூர்ல இருக்கே’ என்று விட்டுவிடுகிறார்கள்.

சிவகங்கை வரைக்கும் போகத் தேவைப்படவில்லை. பத்து நாளில் போன் வந்தது. எப்படியும் பேரம் பேசுவார்கள் என்று தெரியும், ஆனால் அவர்கள் போட்ட கணக்கை நான் எதிர்பார்க்கவில்லை. “நாலு மாசம் யூஸ் பண்ணியிருக்கீங்க சார். மாசக் கணக்குல பாத்தா 4,500 வீதம் 18,000. முப்பத்திரெண்டுல அது போக 14,000 வரும். ஜிஎஸ்டி திரும்ப வராது.” வருடத்துக்கு என்று வாங்கும்போது ஒரு விலை, திருப்பித் தரும்போது மாத விலை. இலவசமாகத் தந்த இரண்டு மாதம் பேச்சிலேயே இல்லை. இரண்டு நாள் இழுத்துப் பார்த்தேன். அந்த 11,000 சொச்சத்துக்காகக் கடையைப் பூட்டிவிட்டுச் சிவகங்கைக்கு எத்தனை முறை பஸ் ஏறுவது என்று யோசித்து, 14,000-க்கு ஒப்புக்கொண்டேன். இரண்டு தவணையில் வந்தது. என்னைவிடப் பொறுமைசாலி முழுசாக வாங்கியிருக்கலாம்.

இனிமேல் எங்காவது சேர்ந்தால் ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் காசை எடுப்பேன்: “பாதியில நிறுத்துனா எந்தக் கணக்குல திருப்பித் தருவீங்க?” அதை ரசீதின் பின்பக்கம் கையால் எழுதி, சீல் போட்டுத் தரச் சொல்வேன். நான் வரப்போகும் நேரத்திலேயே போய்ப் பார்ப்பேன். கயிற்றையும் உருளையையும் தொட்டுப் பார்ப்பேன், குளியலறைக் குழாயைத் திறப்பேன். வண்டி நிறுத்துமிடத்தில் வியர்வையோடு வெளியே வருகிறவரிடம் இரண்டு வார்த்தை பேசுவேன். உள்ளே யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். பயிற்சியாளரிடம், “இங்க எத்தனை மாசமா இருக்கீங்க?” என்று கேட்பேன். அந்தப் பெரிய ஜிம்மில் அதை எல்லோரிடமும் கேட்டிருந்தால், நான்கு மாதத்தைத் தாண்டியவர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். மாத விலை எவ்வளவு அதிகமாகத் தெரிந்தாலும் முதல் மாதம் மாதச் சந்தாதான். அன்றைக்கு 4,500 கட்டியிருந்தால் போனது 4,500-தான். இப்போது கூட்டிக் கழித்துப் பார்த்தால் பி.டி.யோடு சேர்த்து 29,760 ரூபாய்.

தேவகோட்டைப் பையனை டிசம்பரில் தற்செயலாகப் பார்த்தேன். டம்பெல் ஸ்டாண்டுக்குப் போல்ட் வாங்க என் கடைக்கே வந்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பழைய ஜிம்மில் இருக்கிறானாம். மாதம் 700 ரூபாய், தகரக் கூரை, நாலு மின்விசிறி. “அங்கே ஏன்பா விட்டே?” என்றேன். “மாசம் மூணு பி.டி. பிடிக்கலைன்னா சம்பளத்துல கைவைப்பாங்கண்ணே. ஆளுங்களைப் பாக்குறதா, பி.டி. பிடிக்கிறதா?” என்றான். அங்கே சாராக இருந்தவன் இங்கே அண்ணனாகிவிட்டேன்.

மறுநாளே போனேன். மெஷினெல்லாம் பத்து வருடப் பழசு. உருளையில் விரலை வைத்தேன், கிரீஸ் ஒட்டியது. 700 ரூபாயை எடுத்து நீட்டினேன். வாரம் மூன்று நாள் அங்கே, தொடைக்கும் இடுப்புக்கும். மற்ற நாளில் வெறுங்காலோடு ரோட்டில் நடை. பாதயாத்திரைக்கு டிரெட்மில் பட்டையில் நடந்து பழகியது எவ்வளவு அசட்டுத்தனம் என்று தார் ரோடு முதல் நாளே காட்டிக்கொடுத்தது. பட்டை நம் காலுக்கடியில் தானாக ஓடும், தார் ரோடு ஓடாது, ஜல்லியும் இருக்கும். முதல் வாரம் இரண்டு கிலோமீட்டர், பிறகு நான்கு, ஆறு. ஜனவரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்கு முன் கிளம்பிக் குன்றக்குடி வரைக்கும் பத்துக் கிலோமீட்டர் நடந்து, மலையேறிக் கும்பிட்டு, டவுன் பஸ்ஸில் திரும்பினேன்.

2025 பிப்ரவரி 11 தைப்பூசம். போகும் வழியில் நத்தம் வந்தபோது பெரியண்ணன் வேண்டுமென்றே பஸ் ஸ்டாண்டைக் கையால் காட்டி, “காரைக்குடி வண்டி நிக்குது, பாருங்க” என்றார். கால் வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கொப்புளமும் இரண்டு இருந்தது. முட்டி வீங்கவில்லை. டீ குடித்துவிட்டு திண்டுக்கல் ரோட்டில் திரும்பினோம்.

அந்த வருட ஆடியில் அந்தப் பெரிய ஜிம்மிலிருந்து போனுக்குச் செய்தி வந்தது. ‘உங்களை மிஸ் பண்றோம்! ஆடி அதிரடி, 12 மாதம் கட்டினால் 3 மாதம் இலவசம்.’ ஒரு மாதம் கூடியிருக்கிறது. ‘கயிறு மாத்தியாச்சா?’ என்று திருப்பிக் கேட்டேன். இரண்டு டிக்கும் நீலமானது. பதில் வரவில்லை.